சூத்திரம் சரி, பட்டைகளின் வரிசை சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கோள் படங்களிலிருந்து பயிர்ப் பரப்பைக் கணக்கிடுவது பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை கல்லூரி மாணவர்களுக்கு நன்றாகப் பயன்படும். என்டிவிஐ என்ற தாவரக் குறியீட்டின் சூத்திரமும் பிழையின்றித் தரப்பட்டிருந்தது: அண்மை அகச்சிவப்பு மதிப்பிலிருந்து சிவப்பு மதிப்பைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இந்த ஒரு வரியில் யாரும் தவறுவதில்லை. அதற்கு முன்பே, பல பட்டைகள் கொண்ட படத்தைக் கணினி நினைவகத்தில் அணியாக, அதாவது வகுப்பறையில் ‘அரே’ என்று சொல்கிறோமே அப்படி, அடுக்கும்போதே தவறு நடந்துவிடுகிறது. நிரல் எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடி முடியும். வண்ண வரைபடமும் அழகாக வந்துவிடும். எண்கள் மட்டும் பொய்யாக இருக்கும். பாடத்திட்டங்கள் இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் கொடுத்து வெளியிட வேண்டுகிறேன்.

1972 ஜூலையில் ஏவப்பட்ட அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளில் இருந்த எம்எஸ்எஸ் என்ற வருடிக் கருவி நான்கு பட்டைகளில் பூமியைப் பார்த்தது. லேண்ட்சாட் 8-இல் 11 பட்டைகள், ஐரோப்பாவின் சென்டினல்-2-இல் 13. பட்டை என்பது ஒளியின் ஒரு குறிப்பிட்ட அலைநீளப் பகுதியில் மட்டும் அளந்த படம். எனவே ஒரே நிலப்பரப்புக்கு அதே அளவில் பல எண் அட்டவணைகள் இருக்கும். நினைவகமோ ஒற்றைப் பரிமாணம் கொண்டது. எல்லா எண்களையும் ஒரே நீள்வரிசையில்தான் வைத்தாக வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. பள்ளி மதிப்பெண் பதிவேட்டை ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம் என்றும் எழுதலாம், ஒரு மாணவருக்கு ஒரு வரி என்றும் எழுதலாம் அல்லவா? அதுபோல, ஒரு பட்டை முழுவதையும் முடித்துவிட்டு அடுத்த பட்டைக்குப் போவது பிஎஸ்க்யூ. ஒவ்வொரு பிக்சலுக்கும், அதாவது படப்புள்ளிக்கும், எல்லாப் பட்டைகளின் மதிப்பையும் எழுதிவிட்டு அடுத்த பிக்சலுக்குப் போவது பிஐபி. படத்தின் ஒரு கிடைவரிசையை எடுத்துக்கொண்டு, அதைப் பட்டை பட்டையாக எழுதிவிட்டு அடுத்த கிடைவரிசைக்குப் போவது பிஐஎல்.

எது சிறந்தது என்பது செய்யப்போகும் கணக்கைப் பொறுத்தது. சென்டினல்-2 படத்தின் ஒரு கட்டம், ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டரைக் குறிக்கும் பட்டையில், 10980 வரிசைகளும் 10980 நெடுவரிசைகளும் கொண்டது. பிக்சலுக்கு 2 பைட் என்றால் ஒரு பட்டைக்கு ஏறத்தாழ 241 மெகாபைட் ஆகிறது. நான்கு பட்டைகளைப் பிஎஸ்க்யூ முறையில் அடுக்கினால், ஒரு பிக்சலிலிருந்து அதே பட்டையின் பக்கத்துப் பிக்சலுக்கு 2 பைட் தாண்டினால் போதும். அதே பிக்சலின் அடுத்த பட்டைக்கு 24 கோடி பைட்டுக்கு மேல் தாண்ட வேண்டும். பிஐபி முறையில் இது தலைகீழ்: அடுத்த பட்டை 2 பைட்டில் கிடைக்கும், பக்கத்துப் பிக்சல் 8 பைட் தள்ளி இருக்கும். செயலி நினைவகத்திலிருந்து எண்களை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை. பெரும்பாலான கணினிகளில் 64 பைட் துண்டுகளாக எடுக்கிறது. பிஐபி அடுக்கில் சிவப்பை மட்டும் படித்தாலும், கூடவே வரும் மற்ற மூன்று பட்டைகளையும் சுமந்துதான் ஆக வேண்டும். ஒரு பட்டையை மென்மையாக்குவது, விளிம்பு கண்டுபிடிப்பது, இரண்டு மூன்று பட்டைகளை வைத்துக் குறியீடு கணக்கிடுவது போன்றவற்றுக்கு பிஎஸ்க்யூ ஏற்றது. ஒவ்வொரு பிக்சலின் முழு நிறமாலையையும் எடுத்து இது நெல்லா, தென்னையா என்று வகைப்படுத்துவதற்கு பிஐபி ஏற்றது.

நூற்றுக்கணக்கான பட்டைகள் இருந்தால் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1992-இல் விமானத்தில் பொருத்திய அவிரிஸ் கருவி எடுத்த ‘இண்டியன் பைன்ஸ்’ படத்தை வகைப்பாட்டுப் பயிற்சிக்கு உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். 145-க்கு 145 பிக்சல். நீராவி உறிஞ்சும் பட்டைகளை நீக்கிய பின் 200 பட்டைகள். வகைப்பாட்டு நிரல் எதுவானாலும் அது கேட்பது 21025 வரிசை, 200 நெடுவரிசை கொண்ட அட்டவணையைத்தான். பிஐபி அடுக்கில் இருந்தால் வடிவத்தை மாற்றிச் சொன்னால் போதும், ஒரு பைட் கூட நகராது. பிஎஸ்க்யூவில் இருந்தால் முதலில் 200-க்கு 21025 என்று மாற்றி, பிறகு அதைத் திருப்ப வேண்டும்.

மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இந்தத் திருப்பல்தான். பைத்தானில் ராஸ்டரியோ நூலகம் படத்தைப் பட்டை, வரிசை, நெடுவரிசை என்ற ஒழுங்கில் தருகிறது. மேட்பிளாட்லிப், ஸ்கைகிட்-இமேஜ் போன்ற பிற நூலகங்கள் வரிசை, நெடுவரிசை, பட்டை என்ற ஒழுங்கில் எதிர்பார்க்கின்றன. முதலாவதை இரண்டாவதாக மாற்றப் பலர் வடிவத்தை மாற்றும் ரீஷேப் கட்டளையைப் போடுகிறார்கள். வடிவத்தைக் கேட்டால் எதிர்பார்த்தபடியே வரும். உள்ளே எல்லாம் கலைந்திருக்கும்.

கைக்கணக்காகவே பார்த்துவிடலாம். மூன்று பட்டைகள், ஒவ்வொன்றிலும் 2-க்கு 2 பிக்சல். முதல் பட்டையில் 11, 12, 13, 14. இரண்டாவதில் 21, 22, 23, 24. மூன்றாவதில் 31, 32, 33, 34. முதல் பிக்சலின் சரியான நிறமாலை 11, 21, 31. ரீஷேப் போட்டு (2, 2, 3) ஆக்கினால் முதல் பிக்சலில் 11, 12, 13 இருக்கும். இரண்டாவதில் 14, 21, 22. ரீஷேப் எண்களை நகர்த்துவதில்லை. இருக்கும் நீள்வரிசையில் வேறு இடங்களில் கோடு கிழிக்கிறது, அவ்வளவுதான். இங்கே தேவைப்படுவது அச்சுகளை இடம் மாற்றும் டிரான்ஸ்போஸ்: பட்டை 0, வரிசை 1, நெடுவரிசை 2 என்று எண்ணிய அச்சுகளை (1, 2, 0) என்ற ஒழுங்கில் கேட்டால் 11, 21, 31 வரும். மூவ்ஆக்ஸிஸ் கட்டளையும் இதையே செய்யும். ‘0-ஆம் அச்சைக் கடைசிக்குக் கொண்டுபோ’ என்று படிக்கவும் தெளிவாக இருக்கும்.

இந்தப் பிழைக்கு ஓர் அடையாளம் உண்டு. மூன்று பட்டை வண்ணப் படத்தை ரீஷேப்பால் மாற்றித் திரையில் போட்டால், ஒரே காட்சி சாம்பல் நிறத்தில் சிறிதாக, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது முறை தெரியும். அப்படித் தெரிந்தால் உடனே பிடித்துவிடலாம். படத்தைப் பார்க்காமல் நேரே என்டிவிஐ கணக்கிட்டவர் மாட்டிக்கொள்வார். ஏனெனில் இப்போது ‘சிவப்பு’, ‘அகச்சிவப்பு’ என்று அவர் எடுப்பவை ஒரே பட்டையின் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள், ஏறத்தாழ சமமானவை. விடை எங்கும் சுழிக்கு அருகில் நிற்கும். பசுமையே இல்லாத நிலம் என்று அறிக்கை எழுதிவிடுவார்.

வரிசையும் நெடுவரிசையும் இடம் மாறுவது இன்னொரு வகை. மேட்லாப்பும் ஃபோர்ட்ரானும் நெடுவரிசை நெடுவரிசையாக நினைவகத்தை நிரப்புகின்றன. சி மொழியும், வேறு சொல்லாவிட்டால் பைத்தானின் அணி நூலகமான நம்பையும், வரிசை வரிசையாக நிரப்புகின்றன. ஒன்றில் எழுதிய, தலைப்பில் அளவு, ஒழுங்கு விவரம் எதுவும் இல்லாத கோப்பை மற்றொன்றில் அப்படியே படித்தால் படம் மூலைவிட்டத்தில் கவிழும். சதுரமில்லாத லேண்ட்சாட் காட்சியில் அளவு பொருந்தாமல் எங்காவது பிழைச்செய்தி வர வாய்ப்புண்டு. சென்டினல் கட்டமோ சதுரம்; எந்தச் செய்தியும் வராது. மேட்லாப் பயன்படுத்துவோருக்கு மல்டிபேண்ட்ரீட் என்ற கட்டளை இருக்கிறது. அடுக்குமுறையைச் சொல்லிவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். ஓப்பன்சிவி என்ற பட நூலகத்தைப் பயன்படுத்துவோர், அது வண்ணப் படத்தை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் படிப்பதை மறக்கக் கூடாது.

அச்சு ஒழுங்கு சரியாக இருந்தாலும், எந்தப் பட்டை எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வி இருக்கிறது. பட்டை 4 சிவப்பு, 5 அண்மை அகச்சிவப்பு என்று லேண்ட்சாட் 8-க்கு மனப்பாடம் செய்த மாணவர், அதே எண்களை லேண்ட்சாட் 5, 7 படங்களுக்கும் போடுகிறார். அவற்றில் சிவப்பு 3, அண்மை அகச்சிவப்பு 4. நம் நாட்டு ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-3 கருவியில் நீலப் பட்டையே கிடையாது; முதல் பட்டையின் பெயரே 2, அது பச்சை. ராஸ்டரியோவில் பட்டை எண் 1-இல் தொடங்கும். படித்து நம்பை அணியாக்கிய பின் 0-இல் தொடங்கும்.

கோப்புப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி அணி கட்டுபவர்களுக்கு இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. லேண்ட்சாட் 8 முதல்நிலைத் தரவில் பட்டைகள் தனித்தனிக் கோப்புகளாக வரும். அகரவரிசையில் 1-க்கு அடுத்து 10, 11 வரும். அதற்குப் பிறகுதான் 2, 3, 4. அளவு வேறுபடும் 8-ஆம் பட்டையை விலக்கிவிட்டு மற்றவற்றை அடுக்கினால், அணியின் 3-ஆம் எண்ணில் சிவப்புக்குப் பதில் நீலமும், 4-ஆம் எண்ணில் அண்மை அகச்சிவப்புக்குப் பதில் பச்சையும் இருக்கும். சென்டினல்-2-இல் 8ஏ என்ற பட்டை அலைநீளப்படி 8-க்கும் 9-க்கும் நடுவில் வர வேண்டியது. அகரவரிசை அதை 12-க்குப் பின்னே கடைசியில் தள்ளிவிடும். எனவே கோப்புப் பட்டியலை நம்பாதீர்கள். வேண்டிய பட்டைப் பெயர்களை நீங்களே ஒரு பட்டியலாக எழுதி, அதன்படி ஒவ்வொன்றாகப் படியுங்கள். அந்தப் பட்டியலை அணியுடனேயே வைத்திருங்கள். எக்ஸ்அரே நூலகத்தில் அச்சுக்கும் பட்டைக்கும் பெயர் சூட்டலாம். ‘மூன்றாவது’ என்று கேட்காமல் ‘சிவப்பு’ என்றே கேட்கலாம். என் பரிந்துரை, முதல் ஆண்டு மாணவருக்கும் எக்ஸ்அரேயிலேயே தொடங்கிக் கற்பிப்பது.

அடுத்தது எண்வகை. இந்தப் படங்கள் பெரும்பாலும் குறியில்லாத 16 பிட் முழு எண்களாக வருகின்றன. 0 முதல் 65535 வரை. எதிர்மறை எண்ணுக்கு இடமே இல்லை. ஒரு நீர்நிலையில் அகச்சிவப்பு 500, சிவப்பு 800 என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் -300 வர வேண்டும். அணி தருவது 65236. ஏரியின் நடுவே அடர்வனம் முளைத்துவிடும். கூட்டலிலும் இதே சிக்கல்: 35000-உம் 33000-உம் சேர்ந்து 68000 ஆகாமல் 2464 ஆகும். எனவே எந்தக் கணக்குக்கும் முன் 32 பிட் தசம எண்ணாக மாற்ற வேண்டும். மாற்றாமல், எதிரொளிப்பைப் பெற, அதாவது விழும் ஒளியில் நிலம் திருப்பியனுப்பும் பங்கைப் பெற, நேரே 10000-ஆல் வகுத்தால் நம்பை தானாக 64 பிட்டுக்குப் போய்விடும். பத்துப் பட்டைகளையும் 10 மீட்டர் அளவில் வைத்திருப்பவருக்கு 2.4 ஜிகாபைட் தரவு 9.6 ஜிகாபைட்டாக வீங்கும். 8 ஜிகாபைட் மடிக்கணினி அங்கேயே மூச்சுத் திணறும். 32 பிட்டில் 4.8 ஜிகாபைட் ஆகும். எதிரொளிப்பு அளவீட்டின் துல்லியத்துக்கு அதுவே தாராளம். அதுவும் கனமென்றால் படத்தை 512-க்கு 512 சாளரங்களாகப் படியுங்கள். பத்துப் பட்டைகளும் சேர்ந்து சாளரத்துக்குச் சுமார் 10.5 மெகாபைட்தான்.

கோப்பிலுள்ள எண்ணை எதிரொளிப்பாக்கப் பெருக்க வேண்டிய பெருக்கெண், அதோடு கூட்டவோ கழிக்கவோ வேண்டிய கூட்டெண் பற்றி வலியுறுத்தியே ஆக வேண்டும். ‘என்டிவிஐ ஒரு விகிதம்தானே, பெருக்கெண் அடிபட்டுப் போகும்’ என்ற வாதத்தை ஆய்வேடுகளில் கூடப் பார்க்கலாம். பெருக்கெண் அடிபடும், கூட்டெண் அடிபடாது. லேண்ட்சாட் இரண்டாம் தொகுப்பின் தரைப்பரப்பு எதிரொளிப்பைப் பெற, கோப்பிலுள்ள எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழிக்க வேண்டும். சிவப்பு 9000, அகச்சிவப்பு 18000 என்றால் எதிரொளிப்புகள் 0.0475, 0.295, என்டிவிஐ 0.72. கோப்பு எண்களையே சூத்திரத்தில் போட்டால் 0.33. செழித்த பயிர் வாடிய பயிராகிவிடுகிறது. சென்டினல்-2-இல் 2022 ஜனவரி 25 முதல் வெளியான தரவில், கோப்பு எண்ணிலிருந்து 1000-ஐக் கழித்த பிறகே 10000-ஆல் வகுக்க வேண்டும். அதற்கு முந்தைய செயலாக்கத்தில் இந்தக் கழித்தல் கிடையாது. இரண்டையும் கலந்து பல ஆண்டுப் போக்கை வரைந்தவர், பழைய முறையில் 0.76 வர வேண்டிய வயலுக்குப் புதிய தரவில் 0.48 பெற்று, பசுமை சரிந்துவிட்டதாக எழுதக்கூடும். இது சிறிய விஷயமில்லை. காப்பீடும் நிவாரணமும் பற்றிய பேச்சில் இந்த வரைபடங்களைக் காட்டும்போது, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு விவசாயியின் ஓராண்டு உழைப்பு இருக்கிறது.

இதிலேயே நுணுக்கமான இன்னொன்று. படத்தின் ஓரங்களில் தரவில்லாத பிக்சல்களுக்கு 0 என்று எழுதியிருப்பார்கள். கூட்டெண்ணைக் கழித்த பின் அவையெல்லாம் ஒரே எதிர்மறை எண்ணாகிவிடும். என்டிவிஐயில் மேலே 0, கீழே -0.4 அல்லது அதுபோல ஒன்று, விடை 0. வெறுமையான இடம் உண்மையான மதிப்புப்போல வேடமிட்டு, மாவட்டச் சராசரியைக் கீழே இழுக்கும். எனவே 0 எங்கெங்கே என்பதை முதலிலேயே குறித்துவைத்து, தசமமாக்கிய உடன் அந்த இடங்களில் ‘எண் அல்ல’ என்ற குறியை இட்டு, பிறகு பெருக்கி, கழித்து, கடைசியில் சூத்திரத்துக்குப் போக வேண்டும். சராசரிக்கு, அந்தக் குறியுள்ள இடங்களை விட்டுவிடும் நான்மீன் போன்ற கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

பட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதும் அடுக்கும்போது தலைவலி தரும். சென்டினல்-2-இல் நான்கு பட்டைகள் 10 மீட்டர், ஆறு 20 மீட்டர், மூன்று 60 மீட்டர். 20 மீட்டர் பட்டையின் அளவு 5490-க்கு 5490. பெரிதாக்க ஒவ்வொரு பிக்சலையும் இரு அச்சிலும் இரண்டு முறை எழுதலாம். புதிய விவரம் எதுவும் பிறக்காது, கோப்புதான் பெருக்கும். குறுஅலை அகச்சிவப்பு தேவைப்படும் கணக்குகளில், 10 மீட்டர் பட்டைகளை இரண்டுக்கு இரண்டு சராசரி எடுத்து 20 மீட்டருக்கு இறக்குவதே நேர்மை. (5490, 2, 5490, 2) என்று ரீஷேப் செய்து 1, 3 அச்சுகளில் சராசரி கேட்டால் ஒரே வரியில் முடியும். ரீஷேப் சரியாகப் பயன்படும் இடம் இது.

ஆனால் சென்டினல்-2-இன் மேக வகைப்பாட்டுப் பட்டைக்குச் சராசரி எடுக்கவே கூடாது. அதில் 4 என்றால் தாவரம், 8 என்றால் மேகம், 6 என்றால் நீர். தாவரத்துக்கும் மேகத்துக்கும் நடுவே சராசரி எடுத்தால் 6. வயலோரத்தில் இல்லாத குளம் தோன்றும். அருகிலுள்ள மதிப்பை அப்படியே எடுக்கும் முறை மட்டுமே அங்கே செல்லும். லேண்ட்சாட்டின் தரப் பட்டையில் ஒவ்வொரு பிட்டுக்கும் தனிப் பொருள். 0-இலிருந்து எண்ணும்போது 3-ஆம் பிட் மேகம், 4-ஆம் பிட் மேக நிழல். அந்தப் பிட்டுகளைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் படங்களை அடுக்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். யுடிஎம் வரைபட முறையின் 43, 44-ஆம் மண்டலங்களுக்கு எல்லையான 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை நம் மாநிலத்தின் ஊடாகவே போகிறது. கோவையும் திருநெல்வேலியும் 43-இல், தஞ்சாவூரும் சென்னையும் 44-இல். இரு மண்டலக் கட்டங்களை ஒரே அணியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் வரிசைகள் பொருந்தாது. அணிக்குள் போகும் முன்பே ஜிடால் என்ற மென்பொருள் கொண்டு ஒரே மண்டலத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

எல்லாம் சரியா என்று பார்க்க ஓர் எளிய சோதனை போதும். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் நடுவில் ஒரு பிக்சல், அடர்ந்த காட்டில் ஒரு பிக்சல், தார்ச்சாலையோ கட்டடக் கூரையோ ஒன்று என மூன்றை எடுத்து, அவற்றின் பட்டை மதிப்புகளை எதிரொளிப்பாக அச்சிடுங்கள். நீரில் அண்மை அகச்சிவப்பு சிவப்பைவிடக் குறைந்திருக்க வேண்டும். காட்டில் சிவப்பைப்போலப் பல மடங்கு இருக்க வேண்டும். எல்லாம் 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் மேலே போகாதீர்கள்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். திட்ட அறிக்கையில் சூத்திரத்துக்கு முந்தைய பக்கத்தில், அச்சு ஒழுங்கு, பட்டைப் பெயர்களும் அலைநீளங்களும், எண்வகை, பெருக்கெண், கூட்டெண், தரவில்லாக் குறி, வரைபட மண்டலம் ஆகியவற்றை எழுதாத மாணவருக்கு அதை எழுதிவரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். தரவை வெளியிடும் துறைகளும் இவற்றைத் தலைப்புக் கோப்பாக உடன் தர வேண்டும். படம் மட்டும் தந்தால் பெறுபவர் ஊகத்தில்தான் வேலை செய்வார். தங்கள் நாளிதழும் செயற்கைக்கோள் வரைபடங்களை அச்சிடும்போது எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி, எந்தச் செயலாக்க நிலை, எந்தப் பட்டைகள் என்பதைப் படத்தின் கீழ் ஒரு வரியில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொலையுணர்வுத் தரவுச் செயலாக்கம் கற்பிக்கும் வாசகர்,
திருச்சிராப்பள்ளி